சிலிகா: மீன் திரும்பியது, உரிமை திரும்பவில்லை

புது தில்லி: பொது நீரில் வலை வீசும் உரிமை யாருக்கு? ஒடிஷாவின் சிலிகா ஏரியில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக எழுந்துவரும் கேள்வி இது. நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, மாநில அரசு ஏரியையே மீட்டெடுத்தது. எனினும் பாரம்பரிய மீனவர்களுக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை.

பூரி, குர்தா, கஞ்சம் மாவட்டங்களில் பரந்துள்ள இந்த உப்பங்கழியை நம்பி சுமார் 2 லட்சம் மீனவ மக்கள் வாழ்கின்றனர். மீன்பிடி இடங்களை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடுவது நெடுநாள் வழக்கம். ஏற்றுமதியால் இறாலின் மதிப்பு உயர்ந்ததும் நிலைமை மாறியது. மீனவர் அல்லாதோருக்கும் இறால் வளர்ப்பில் இடமளிக்கும் குத்தகைக் கொள்கையை 1991-ல் மாநில அரசு கொண்டுவந்தது. மூங்கில் கழிகளாலும் வலைகளாலும் நீர்ப்பரப்பை வளைக்கும் ‘கெரி’ எனும் அடைப்புகள் பெருகின. இவற்றுக்கு எதிரான போராட்டத்தின்போது, 1999 மே 29-ல் சொரானா கிராமத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் பலியாயினர்.

இவ்விவகாரத்தில் தமிழகத்துக்கும் பங்குண்டு. இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். அவ்வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. இரண்டே நாளில், வேறொரு வழக்கில், இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலரே என்ற கோட்பாட்டையும் அதே அமர்வு நிலைநாட்டியது. ஆனால் மறுஆய்வு மனுக்களை அடுத்து, பண்ணைகளை இடிக்கும் உத்தரவு 1997-ல் நிறுத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையே ஏரி தூர்ந்து, மீன்வளம் சரிந்தது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. ஆண்டுக்கு 2,000 டன்னுக்கும் கீழே போயிருந்த மீன்பிடிப்பு, இரண்டே ஆண்டுகளில் 10,000 டன்னைத் தாண்டியது. ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலிலிருந்து 2002-ல் சிலிகா நீக்கப்பட்டது. ஆனால் மீன் பெருகியபோது அடைப்புகளும் தொடர்ந்தன. நீதிமன்ற உத்தரவுகளின்பேரில் அதிகாரிகள் அகற்றுவதும், பின்னர் அவை மீண்டும் முளைப்பதும் வாடிக்கையாயின.

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென நாடாளுமன்றம் 2005-ல் இயற்றிய சட்டம், பண்ணைகளைப் பதிவுசெய்து முறைப்படுத்துவதையே நோக்கமாகக் கொண்டது. விதிமீறலுக்கான சிறைத் தண்டனையும் 2023-ம் ஆண்டுத் திருத்தத்தில் அபராதமாக மாற்றப்பட்டது. ஏரியில் யார் மீன்பிடிக்கலாம் என்பதை தில்லி தீர்மானிக்க முடியாது. உள்நாட்டு மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஒடிஷா சட்டப்பேரவையில் 2002-ல் கொண்டுவரப்பட்ட சிலிகா மசோதாவோ, மீனவர் அல்லாதோருக்கும் பங்களிக்க முனைந்ததால் எதிர்ப்பைச் சந்தித்து, சட்டமாகாமல் நின்றது.

2024-ல் ஒடிஷாவில் ஆட்சி மாறியது. ஆனால் அடைப்புகளுக்குப் பின்னாலுள்ள பணபலமும் வாக்குக் கணக்கும் எந்தக் கட்சிக்கும் புதியவை அல்ல. முகத்துவாரம் வெட்டப் பொறியாளர்கள் போதும். வளைத்த நீரை மீட்டு மீனவரிடம் ஒப்படைக்க, அரசியல் துணிவு வேண்டும்.