யந்திரத்தின் மூச்சு

கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதுவதைச் சிறுவயதில் பார்த்து நிற்காதவர், கொங்கு நாட்டில் என் வயதினருள் மிகச் சிலரே இருப்பர். உலையும் அதேதான், கரியும் அதேதான். ஆயினும் துருத்தி மூச்சுவிடத் தொடங்கியதும் மங்கிக் கிடந்த தணல் செக்கச்செவேலென்று ஒளிர்கிறது. ஏன்? நெருப்பு கரியை மட்டும் உண்பதில்லை, காற்றையும் உண்கிறது. காற்றை மிகுதியாக ஊட்டினால் கரி விரைந்து எரிகிறது. நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது, பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. ஆகவே இந்த உண்மை நம் மண்ணுக்குப் புதியதன்று.

இன்று நான் சொல்லப்போவதும் ஒரு துருத்தியின் கதையே. ஆனால் அது உலைக்களத்துத் துருத்தி அன்று. பந்தயக் காரின் எஞ்சினில் பொருத்தப்படும் சூப்பர்சார்ஜர் என்னும் துருத்தி.

பெட்ரோல் எஞ்சின் எவ்வளவு காற்றை உண்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையில் அடங்கிய காற்று முழுவதும் மூன்று லிட்டர் பெட்ரோலுக்குத்தான் காணும். எனவே எஞ்சினின் வலிமையைக் கூட்ட விரும்புகிறவன் பெட்ரோலை ஊற்றினால் மட்டும் போதாது. காற்றைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்துக்குள் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. வெளிக்காற்று அடர்த்தி குறைந்ததாயின் அதன் பலமும் குறைந்துவிடும். கடல்மட்டத்துக் காற்றைவிட உதகமண்டலத்துக் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இலேசானது. மேட்டுப்பாளையத்தில் சுறுசுறுப்பாகப் புறப்படும் கார் குன்னூரைத் தாண்டியதும் சோர்வடைவதற்கு இதுவும் ஒரு காரணம். சூப்பர்சார்ஜர் இந்தக் குறையைப் போக்குகிறது. எஞ்சினின் சுழற்சியிலிருந்தே ஒரு வாரினால் ஓட்டப்பட்டு, காற்றை அள்ளி உள்ளே நெருக்கித் தள்ளுகிறது.

இக்கருவியின் பிறப்பு வேடிக்கையானது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ஆம் ஆண்டில் ஒரு காற்றூதிக்கு உரிமை பெற்றார்கள். அது தொடக்கத்தில் இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதவே பயன்பட்டது. பிற்காலத்தில் அவ்வகை ஊதியே மோட்டார் காருக்குள் புகுந்தது. 1921-இல் மெர்ஸிடஸ் நிறுவனத்தார் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 1929-இல் இங்கிலாந்தில் ‘புளோயர் பென்ட்லி’ தோன்றியது. பென்ட்லி நிறுவனத்தைத் தோற்றுவித்தவரான டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கே இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. 1930-இல் பிரான்ஸ் நாட்டு லெ மான் பந்தயத்தில் புளோயர் கார்கள் பாதியிலேயே நின்றுபோயின. ஊதி இல்லாத பென்ட்லி காரே வென்றது. மூச்சை வலிந்து ஊட்டினால் மட்டும் வெற்றி கிட்டாது என்பதற்கு அது ஒரு சான்று.

கோவை மாநகருக்கு மோட்டார் யந்திரத்தின்மீது உள்ள பற்றை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கியவர் ஜி. டி. நாயுடு. உள்நாட்டு எஞ்சினைக் கொண்டு எளிய விலையில் பந்தயக் கார்களைச் சமைத்து, 1995-இல் மறைந்தவர் கரிவரதன். 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவையில் வளர்ந்தவரே. இத்தகைய ஊரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம், பழைய மாணவர்கள் பலர் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு வந்து வணங்குவதில் வியப்பில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பீளமேட்டில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். இரண்டே இருக்கைகள் கொண்ட, சூப்பர்சார்ஜர் பொருத்திய பழைய ஜெர்மானியக் கார் ஒன்று அவரிடம் வந்திருந்தது. காரின் சொந்தக்காரர் அதைப் பந்தயத் தளத்தில் ஓட்ட ஆசைப்பட்டார்.

“ஐயா, ஏர் பில்டரைக் கழற்றிப்போட்டால் வண்டி பறக்கும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறாருங்க. நான் மறுத்தால் வேறு பட்டறைக்குப் போய்விடுவாருங்க. என்ன செய்யட்டும்?” என்று என் மாணவர் கேட்டார். கேட்டுவிட்டுத் துணியில் சுற்றியிருந்த பிஸ்டன் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அதன் பக்கங்களில் மேலிருந்து கீழாகக் கோடுகோடாகக் கீறல்கள். அது வேறொரு காரின் பிஸ்டன். வடிகட்டியின்றிச் சில மாதங்கள் ஓடியதன் பயன் அது. அதன் சொந்தக்காரர் கடன் வாங்கிக் கார் வாங்கிய இளைஞர். எஞ்சினைச் செப்பனிட அவர் மறுபடியும் கடன் வாங்க நேர்ந்ததாம்.

தூசி அவ்வளவு கொடியதா என்று நேயர்கள் கேட்கலாம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் புழுதியை வாரி இறைப்பதை நாம் அறிவோம். அந்தப் புழுதியில் நுண்ணிய படிகக்கல் துகள்கள் உண்டு. அவை எஞ்சினின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானவை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பர். தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கண்ணுக்குப் புலப்படாத 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள துகள்களே பெருங்கேடு செய்வன. அவை பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தில் புகுந்து அரமாகத் தேய்க்கின்றன. சூப்பர்சார்ஜர் உள்ள காரில் கேடு இரட்டிப்பாகும். அதனுள் சுழலும் இரு உருளைகளும் ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை இடைவெளியில் சுழல்கின்றன. தூசி அவற்றைத் தேய்த்தால் இடைவெளி அகலும். அழுத்திய காற்று பின்னோக்கிக் கசியும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் பிரித்துச் சோதிக்கப்படும் எஞ்சினுக்கு வேறு நியாயம் இருக்கலாம். வீதியிலும் ஓடவேண்டிய காருக்கு அது பொருந்தாது.

ஆனாலும் ‘கூடாது’ என்று சொல்லிவிட்டால் பாடம் முடிந்துவிடாது. எளிய பொருள்களைக் கொண்டே பௌதிகத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற குழாயை வாங்கிவரச் சொன்னேன். அதை ‘ப’ எழுத்தைப் போல் வளைத்துப் பலகையில் பொருத்தி, நீல மை கலந்த தண்ணீரைப் பாதியளவு ஊற்றினோம். ஒரு முனையைத் திறந்து விட்டோம். மறுமுனையைக் காரின் காற்றுக் குழாயோடு இணைத்தோம். காற்றின் வழியில் தடை மிகுந்தால் உறிஞ்சுதலும் மிகும். தண்ணீர் ஒருபுறம் அவ்வளவு உயரும். பலகையைக் காரின் குறுக்கே நிறுத்தினோம். நீளவாட்டில் நிறுத்தினால் வேகமெடுக்கும்போது தண்ணீர் தானே சாய்ந்து பொய்க்கணக்குக் காட்டிவிடும்.

செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் விளங்கும் பந்தயத் தளத்தில் சோதனை நடந்தது. தலைக்கவசம் அணிந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் நானே அமர்ந்தேன். என் மாணவரிடம் நான் பயந்து அமர்ந்திருந்தது அன்று ஒருநாள்தான்!

முழுவேகத்தில், சூப்பர்சார்ஜரின் வாயருகே தண்ணீர் மட்டத்தின் வேறுபாடு 20 சென்டிமீட்டர். வடிகட்டியை ஒட்டி அளந்தபோது 6 சென்டிமீட்டர் மாத்திரமே. மீதி 14 சென்டிமீட்டர் எங்கே போயிற்று? இடையிலிருந்த ரப்பர் குழாயின் மடங்கிய முழங்கையில்! கோவையில் காற்று மண்டலத்தின் அழுத்தம் ஏறக்குறைய பத்து மீட்டர் தண்ணீரின் உயரத்துக்குச் சமம். ஆகவே வடிகட்டியால் நேரும் இழப்பு ஆயிரத்துக்கு ஆறு பங்குதான். அதைக் கழற்றி எறிந்தால் கிடைக்கக்கூடிய இலாபமும் அவ்வளவே.

பிறகு வெப்பமானி வைத்தோம். வெளியே 33 பாகை. காற்றை உறிஞ்சும் இடத்தில் 57 பாகை. முன்னே காரை வைத்திருந்தவர், காற்றுப் பெட்டியை நீக்கிவிட்டு, கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றை எஞ்சினின் பக்கத்தில் திறந்தபடி பொருத்தியிருந்தார். அதனால் உறுமல் கூடிற்று. உறுமலை வலிமை என்று எண்ணி மகிழ்ந்தார். சூடான காற்று விரிந்து இலேசாகும். சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு அள்ளும் கொள்ளளவு மாறாதது, ஆழாக்கில் பொரியை அளந்தாலும் அரிசியை அளந்தாலும் ஆழாக்கு ஒன்றே, நிறைதான் வேறு. இந்த வெப்ப வேறுபாட்டால் காற்று நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது. ஆயிரத்தில் ஆறு பங்கை மீட்கத் துடித்தவர், நூற்றில் ஏழு பங்கை அறியாமலே இழந்துகொண்டிருந்தார்!

செய்ய வேண்டியது விளங்கிவிட்டது. வடிகட்டியைச் சுற்றித் தகட்டால் ஒரு பெட்டி அமைத்து எஞ்சினின் வெப்பத்தைத் தடுத்தார் என் மாணவர். காரின் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்று வர ஒரு வழி செய்தார். மடங்கிய முழங்கைக்குப் பதில் வழவழப்பான அலுமினியக் குழாயை வளைத்துப் பொருத்தினார். மறுபடியும் அளந்தபோது 20 சென்டிமீட்டர் 11 ஆயிற்று. 57 பாகை 36 ஆயிற்று. வடிகட்டி தன் இடத்திலேயே இருந்தது. சொந்தக்காரர் அளவுகளைத் தம் கண்ணால் பார்த்தார். அதன்பின் வாதம் எழவில்லை.

இவ்வேலையில் இறங்குவோர் கருதவேண்டியன சில உண்டு. காற்று வாயை மிகத் தாழ்வாக வைத்தால் மழைக்காலத்தில் தேங்கிய நீரை எஞ்சின் உறிஞ்சிவிடும். தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த இயலாது, இணைப்புத் தண்டு வளைந்துபோகும். வடிகட்டிக்குப் பின்னுள்ள மூட்டுகளில் சிறு இடுக்கும் இருக்கலாகாது; அவ்வழியே வரும் காற்று வடிகட்டப்படாத காற்று. எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால், காற்றை அளக்கும் நுண்கருவியில் அது படிந்து கணக்கைக் கெடுக்கும். தாள் வடிகட்டியை நாள்தோறும் தட்டித் துடைக்கவும் வேண்டாம். ஓரளவு தூசி படிந்த தாள் புதிய தாளைவிட நன்றாகவே வடிகட்டும். பொதுச்சாலையில் ஓடும் வாகனத்தை மாற்றுமுன், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்தக் கீறல் விழுந்த பிஸ்டன் இப்போது என் மாணவரின் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அதன் அருகில் நீலத் தண்ணீர்ப் பலகையும் தொங்குகிறது. வடிகட்டியைக் கழற்றச் சொல்லி வருகிறவர்களுக்கு அவர் முதலில் பிஸ்டனைக் காட்டுகிறார். பிறகு பலகையை எடுக்கிறார். அளந்து பார்த்த பின்னரே ஸ்பானரைத் தொடுகிறார்.