எல்லா வேலைக்கும் ஒரே சைக்கிள்

1970களில் சைக்கிள் வாங்கப் போனவரிடம் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி சட்டத்தின் உயரம் பற்றியது. 22 அங்குலமா, 24 அங்குலமா? ராலேயா, ஹெர்குலிஸா, ஹீரோவா, அட்லஸா என்பதை வீட்டிலேயே பேசி முடித்திருப்பார்கள். அதில் குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பெயரைச் சொன்னாலும் கடையிலிருந்து வெளியே வந்தது ஏறக்குறைய ஒரே வண்டிதான். கருப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கம்பியில் இயங்கும் பிரேக், பின்னால் கேரியர், இரண்டு கால் ஸ்டாண்டு. எடை 20 கிலோவை ஒட்டி இருக்கும்.

இங்கிலாந்தில் உருவான அந்த வடிவம், 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட பிறகு அம்பத்தூரிலேயே தயாரானது. அது எளிமையான வண்டி. ஆனால் நன்கு யோசித்துச் செய்த வண்டி. பாரம் பின்னால்தான் ஏறும் என்பதால் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சட்டம் நீளமாகவும் சற்றுச் சாய்வாகவும் இருந்ததால் மண் சாலையின் அதிர்ச்சி முதுகுக்கு வருமுன் பாதி குறைந்துவிடும். பால் கேனும் தபால் பையும் நெல் மூட்டையும் அதில்தான் போயின. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் வண்டியையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. குழந்தையை உட்கார வைக்க முன்னால் பார் இருக்கிறதே! ஒரு வண்டி எத்தனை வேலைக்கு வளைந்து கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இன்று சைக்கிள் வாங்க வருபவரிடம் பெரும்பாலும் ஏற்கெனவே ஸ்கூட்டரோ காரோ இருக்கிறது. அவருக்கு வேண்டியது உடற்பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே ஒரு சுற்று, முடிந்தால் வாரத்தில் சில நாள் அலுவலகம், அப்படியே காய்கறிக் கடை. ஷோரூமில் அவர் முன் மவுன்டன் பைக், ரோடு பைக், ஹைப்ரிட், ஃபேட் பைக் என்று வரிசையாக நிற்கின்றன. கண் போவது தடித்த டயருக்கும் முன்பக்க ஸ்பிரிங்குக்கும் 21 கியர் என்ற எழுத்துக்கும். பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். பிறகு பல வண்டிகள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சவாரி பிடிக்காமல் போகவில்லை. வண்டி பொருந்தாமல் போனது.

தொடக்க விலை வண்டிகளில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால், நம் பலத்தில் ஒரு பங்கை அதுவே மேலும் கீழும் ஆடித் தின்றுவிடும். தடித்த டயரோ தார்ச் சாலையில் இரைச்சலோடு இழுக்கும். மறுமுனையில், வளைந்த ஹேண்டில் கொண்ட ரோடு பைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும். ஆனால் அதன் 25 மில்லிமீட்டர் டயரோடு குண்டும் குழியுமான தெருவுக்குள் போவது வேதனை. கேரியர் பூட்டத் துளையும் பெரும்பாலும் இருக்காது.

ஒரே வண்டி போதும் என்பவருக்கு நான் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவிலான, ஸ்பிரிங் இல்லாத ஹைப்ரிட். டயர் 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். பழைய கருப்பு வண்டியின் ஒன்றரை அங்குல டயர் கிட்டத்தட்ட இதே அகலம்தான். நம் சாலைக்கு எது ஒத்துவரும் என்ற கணக்கு அன்றே போடப்பட்டுவிட்டது. சட்டத்தில் கேரியருக்கும் மட்கார்டுக்கும் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எடை 12 முதல் 15 கிலோ இருந்தால் நல்லது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்க வேண்டிய ப்ரெவே சவாரியைக்கூட இத்தகைய வண்டியில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கியர் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்னால் 3, பின்னால் 7 என்ற 21இல் பல கியர்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமானவை. கேட்க வேண்டியது, மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பது. முன்பக்கச் சிறிய வட்டின் பற்கள் பின்பக்கப் பெரிய வட்டின் பற்களைவிடக் குறைவாக இருந்தால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் உட்கார்ந்தபடியே ஏறலாம். அப்பாவின் தலைமுறை அத்தகைய மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனது.

உயரக் கேள்வி மட்டும் மாறவில்லை. ஆனால் இன்று பல கடைகளில் அதை யாரும் கேட்பதில்லை. வாங்குபவர்தான் கேட்டாக வேண்டும். வண்டியின் இரு பக்கமும் காலூன்றி நின்றால் பாருக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரலாவது இடம் வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே போன பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தரையில் பாதம் முழுதும் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பதால்தான் பலருக்கு முட்டி வலிக்கிறது.

பழுதுபார்ப்பதில்தான் புதியவர் தடுமாறுவார். பழைய வண்டிக்குத் தெருமுனைக் கடையில் பஞ்சர் ஒட்டி, கோட்டம் எடுத்து, கட்டைவிரலால் டயரை அழுத்திக் காற்றுப் பார்த்துக் கொடுப்பார்கள். ஹைப்ரிட்டின் 700சி சக்கரத்தையும் சிலர் 28 அங்குலம் என்பார்கள். ஆனால் டயர் உட்காரும் விட்டம் இதில் 622 மில்லிமீட்டர், பழையதில் 635. அந்தக் கடையில் தொங்கும் டயர் இதில் உட்காராது. ஆகவே பணம் கட்டுமுன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போய், இந்த அளவு டியூப், டயர், பிரேக் கட்டை கிடைக்குமா, கியர் சரிசெய்யத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால், ஒரு டியூபையும் அழுத்தமானி வைத்த கைப்பம்பையும் வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.