பழைய நோயும் புதிய காயமும்: விபத்து இழப்பீடு கோருவோர் அறிய வேண்டியவை

மரக்காணத்து உப்பளங்களில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு மூட்டுவலியும் முதுகுவலியும் பாதப் புண்ணும் புதியவை அல்ல. உப்பு நீரில் நின்று, குனிந்து உப்பு வாரும் தொழில் உடலில் விட்டுச் செல்லும் தடங்கள் அவை. அத்தகைய ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் மோதிக் காயமுற்றால், குடும்பத்தாருக்கு ஓர் அச்சமும் எழுகிறது: முன்பே நோய் இருந்ததைச் சொன்னால் இழப்பீடு கிடைக்காமல் போய்விடுமோ?

இவ்வச்சத்தால் சர்க்கரை நோயையோ பழைய எலும்பு முறிவையோ மறைத்தல் இருவகையில் தீங்காகும். மயக்க மருந்து கொடுப்பதற்கும், புண் ஆறுவதற்கும், இரத்தப்போக்கை நிறுத்துவதற்கும் உங்கள் பழைய நோய்களையும் உட்கொள்ளும் மாத்திரைகளையும் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். வழக்கிலோ, காப்பீட்டு நிறுவனம் பழைய மருந்துச்சீட்டைக் காட்டிவிட்டால், நீங்கள் கூறிய உண்மைகளும் ஐயத்துக்கு உள்ளாகும்.

சட்டத்தின் பார்வை

நலிந்த உடலுடையவரை மோதியவர், அவர் நலிந்தவர் என்பதைக் காரணம் காட்டித் தப்ப இயலாது. மண்டையோடு மெலிந்தவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் நேர்ந்த முழுக் கேட்டுக்கும் அவரே பொறுப்பு என்னும் கருத்தை 1901-இல் ஓர் ஆங்கில நீதிமன்றம் எடுத்துரைத்தது. எனினும், பழைய நோய்க்கே இழப்பீடு இல்லை. விபத்தால் அது எவ்வளவு மோசமடைந்தது என்பதற்கே உண்டு. மூட்டுவலியோடும் நாள்தோறும் உப்பு சுமந்தவர் விபத்துக்குப்பின் நிற்கவே இயலாதவரானால், அந்த வேறுபாடே வழக்கின் உயிர்நாடி. சர்க்கரை நோயாளியின் காலில் விபத்தால் ஏற்பட்ட காயம் ஆறாமல் காலை அகற்ற நேர்ந்தாலும், விபத்து தொடங்கிவைத்த காரணத் தொடரை மருத்துவக் குறிப்புகள் காட்ட வேண்டும்.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம், உடல் ஊனத்தின் விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று தெளிவுபடுத்தியது. இடக்கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ பிழைப்பையே இழக்கலாம்; அரசு அலுவலக எழுத்தர் வேலையில் தொடரலாம். ஆகவே, நீங்கள் செய்த வேலை யாது, இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதை மருத்துவரிடமும் தீர்ப்பாயத்திடமும் விளக்குங்கள்.

திரட்ட வேண்டியவை

• விபத்துக்கு முந்தைய மருந்துச்சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால்தான் கூடுதல் சேதம் விளங்கும்.
• முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும்போது தரப்படும் சுருக்கம், செலவுச் சீட்டுகள்.
• வேலைக்கும் கூலிக்கும் சான்று: நலவாரிய அட்டை, கூலிக் குறிப்பு, உடன் உழைத்தவரின் சாட்சியம்.
• ஊனச் சான்றிதழ். சிகிச்சை அளித்த மருத்துவரின் சாட்சியம் மிக்க வலுவுடையது.

காலமும் இடமும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ், விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் வாழும் இடத்திலோ அதிகாரம் உடைய விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள திருத்தம் ஆறு மாதக் கெடுவை விதிக்கிறது. எனவே காலம் தாழ்த்தாதீர்கள். 164ஆம் பிரிவு, ஓட்டுநரின் தவற்றை நிறுவாமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெற வழி செய்கிறது.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்னும் எண்ணில் அழைக்கலாம். முன்பின் அறியாத இடைத்தரகர் நீட்டும் வெற்றுத்தாளில் கையொப்பமிட வேண்டா.

சேர்க்கையின்போது கேட்கப்படும் "முன்பு என்ன நோய் இருந்தது?" என்னும் வினாவுக்கு முழுமையாக விடையளியுங்கள் என்று நோயாளிகளையும் உடனிருப்போரையும் வேண்டுகிறோம். அவ்விடை முதலில் உங்கள் உயிரைக் காக்கும். பின்னர் உங்கள் உரிமையையும் காக்கும்.