புகைப்போர் தொகையை முன்னறியும் கணக்கு

நாட்டில் இன்று நூற்றுக்கு எத்தனை பேர் புகைபிடிக்கின்றனர் என்பதை அறிவது கடினமன்று. வீடு வீடாகச் சென்று கேட்டால் விடை கிடைத்துவிடும். ஆனால் பத்தாண்டு கழித்து எத்தனை பேர் புகைபிடிப்பர் என்பதை யாரிடம் சென்று கேட்பது? சிகரெட்டுக்கு எவ்வளவு வரி விதிப்பது, எத்திட்டத்திற்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்வோர்க்கு இவ்விடை இன்றியமையாதது. அதனைக் கண்டறிய உதவுவதே மாதிரிக் கணக்கு. பெயர் புதிதாயினும், அதன் அடிப்படை நம் மாணவர்கள் நன்கறிந்த தொட்டிக் கணக்கேயாகும்.

ஒரு தொட்டி, நீர் புகுவதற்கு ஒரு குழாய், வெளியேறுவதற்கு இரண்டு குழாய்கள். தொட்டியிலுள்ள நீரே புகைப்போர் தொகை. புதிதாகப் பழகும் இளைஞர் உள்ளே வருகின்றனர். பழக்கத்தை விட்டவர்கள் ஒரு குழாய் வழியும், இறந்தவர்கள் மற்றொரு குழாய் வழியும் வெளியேறுகின்றனர். விட்டவருள் சிலர் மீண்டும் பழக்கத்திற்குத் திரும்புவதும் உண்டு. அறிஞர்கள் ஆண், பெண் என்றும், ஒவ்வொரு வயதினர் என்றும் தனித்தனித் தொட்டிகள் வகுத்து, ஆண்டுக்கு ஆண்டு கணினியில் கணக்கிடுகின்றனர். அமெரிக்க அறிஞர் டேவிட் லெவி உருவாக்கிய 'சிம்ஸ்மோக்' என்னும் மாதிரி இத்தகையது. வரி உயர்வு, விளம்பரத் தடை, பொது இடங்களில் புகைக்கத் தடை ஆகியவை எந்தக் குழாயை எவ்வளவு திருப்பும் என்பதை அது கணக்கிடுகிறது.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே வயது வந்தோர் 1,000 பேர். அவருள் புகைப்போர் 240 பேர். ஆண்டுதோறும் 20 இளைஞர் வயது வந்தோராகின்றனர். 20 பேர் இறக்கின்றனர். வரும் இளைஞருள் 5 பேர் புகைப்போர். புகைப்போரில் நாற்பதில் ஒருவர் ஆண்டுதோறும் பழக்கத்தை விடுகிறார். நாற்பதில் ஒருவர் இறக்கிறார். ஆகவே முதலாண்டில் 12 பேர் குறைந்து, 5 பேர் கூடி, 233 பேர் எஞ்சுவர். இவ்வாறே பத்தாண்டு தொடர்ந்தால் தொகை 184 ஆகும்.

இனி, ஓர் இளைஞர்கூடப் புதிதாகப் பழகாதபடி செய்துவிட்டோம் என்று கொள்வோம். எந்தப் பள்ளியும் எந்த அரசும் இதுவரை அடையாத வெற்றி அது! அப்போதும் பத்தாண்டின் முடிவில் 144 பேர் புகைத்துக்கொண்டே இருப்பர். மாறாக, இளைஞர் வரவு குறையாமல், விடுவோர் விகிதம் மட்டும் இருமடங்கானால் தொகை 146 ஆகும். இரண்டு வழியும் ஏறத்தாழ ஒரே இடத்திற்கு வந்து சேர்வதைக் காண்க. ஆனால் முப்பதாண்டு கழித்துப் பார்த்தால் முதல் வழியில் 52 பேரும், இரண்டாம் வழியில் 83 பேரும் இருப்பர். இளையோரைத் தடுப்பது மெல்லப் பலன் தரினும் முடிவில் மிகுந்த பலன் தருவது. மூத்தோரை விடுவிப்பது விரைந்து பலன் தருவது. இவ்வுண்மை வெறும் ஊகத்தால் புலப்படாது, கணக்கிட்டால்தான் புலப்படும்.

இத்தகைய கணக்கு மெய்யாகுமா என்று ஐயுறுவோர்க்கு அமெரிக்க நாட்டுச் செய்தி ஒன்று உண்டு. 1998-இல் அங்கு வயது வந்தோருள் புகைப்போர் 24.1 விழுக்காடு. 2010-க்குள் இதனை 12 விழுக்காடாக்குவது என்று அவ்வரசு இலக்கு வகுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்களான டேவிட் மெண்டஸ், கென்னத் வார்னர் ஆகிய இருவரும் மாதிரிக் கணக்கிட்டு, இவ்விலக்கை அக்காலத்திற்குள் எட்ட இயலாது என்று 2000-இலேயே எழுதினர். 2010-இல் கண்ட விகிதம் 19.3 விழுக்காடு. முயற்சி வீண் என்பது இதன் பொருளன்று. தொட்டியில் ஏற்கெனவே நிறைந்துள்ள நீர் வடியக் காலம் வேண்டும் என்பதே பொருள்.

மாதிரியை நம்புமுன் அதனைச் சோதித்தல் வேண்டும். கடந்த ஓர் ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்கி இன்றுவரை ஓட்டி, வந்த விடையை ஆய்வுக் கணக்கெடுப்புடன் ஒப்பிடுவர். அதில் தேறிய மாதிரியும் எதிர்பாராத புதுமை வந்தால் தடுமாறும். மின்சிகரெட்டு பரவுவதற்கு முன் அமைத்த மாதிரிகளில் அதற்கென ஒரு குழாய் இல்லை. ஆதலின் இது சோதிடம் அன்று. 'இப்படிச் செய்தால் இப்படி ஆகும்' என்று கூறும் கணக்கு மட்டுமே.

நம் மலேசியாவின் நிலை யாது? 15 வயதுக்கு மேற்பட்டோருள் புகைப்போர் 2011-இல் 23.1 விழுக்காடு, 2015-இல் 22.8, 2019-இல் 21.3. எட்டாண்டில் இறங்கியது இரண்டு புள்ளிக்கும் குறைவு. 2025-க்குள் 15 விழுக்காடு என்று வகுத்த தேசிய இலக்கை இதனுடன் வைத்துப் பார்த்தால், வேகம் போதாதது வெள்ளிடைமலை. 2007-ஆம் ஆண்டு முதல் பிறந்தோர்க்குச் சிகரெட் விற்பதை என்றென்றும் தடுக்கும் திட்டம் 2022-இல் நாடாளுமன்றத்திற்கு வந்தது. ஆனால் 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெறவில்லை. உள்ளே வரும் குழாயை அடைக்கும் வழி அது. வெளியேறும் குழாயையும் உடன் அகலப்படுத்தினாலன்றி, அதன் பலனை நம் தலைமுறை காண்பது அரிது.

ஆசிரியராகிய நாம் வழக்கமாகப் பிள்ளைகளுக்கு மட்டுமே அறிவுரை கூறி அமைதியடைகிறோம். அது செய்யத்தக்கதே, முப்பதாண்டுக் கணக்கு அதற்குச் சான்று. ஆனால் பாதிப் பணியே அது. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பதாண்டு தொடர்ந்து ஆராய்ந்து ரிச்சர்ட் டால் குழுவினர் 2004-இல் வெளியிட்ட முடிவு இது: முப்பது வயதில் விடுபவர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை மீட்கிறார், நாற்பதில் 9, ஐம்பதில் 6, அறுபதில் விட்டாலும் 3. பெற்றோர் கூட்டத்திற்கு வரும் தந்தையரிடம் இந்நான்கு எண்களையும் சொல்வோம். புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் கிளினிக்குகள் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உள்ளன என்பதையும் சொல்வோம். ஆண்டுக்கு நாற்பதில் ஒருவர் விடுவது நாற்பதில் இருவர் ஆனால் போதும். ஊரின் கணக்கே மாறும்.