அட்வான்ஸ் கொடுக்கும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்க: வாடகை வீட்டில் ஒளிஞ்சிருக்கும் பூஞ்சை

பதினைந்தாயிரம் ரூபாய்க்கு போன் வாங்க நாலு நாள் ரிவியூ பார்ப்போம். ஆனா லட்ச ரூபாய் அட்வான்ஸ் கொடுக்கிற வீட்டை பத்து நிமிஷத்துல பார்த்து முடிச்சிடுவோம். டைல்ஸ் பளபளன்னு இருக்கு, பெயின்ட் புதுசு, மெட்ரோ பக்கம். ஓகே, டோக்கன் அட்வான்ஸ் போட்டாச்சு!

அப்புறம் ஐப்பசி மழை வரும். பீரோவை நகர்த்தினா பின்னாடி சுவர் முழுக்க கருப்புப் புள்ளி. துணியில ஒரு வாடை. வீட்ல யாருக்காவது விடாத இருமல்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம்

சென்னையில வாடகை 18,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஆறு மாச அட்வான்ஸ்னா 1,08,000. மழைக்காலத்துக்கு அப்புறம் தாங்க முடியாம காலி பண்றீங்க. பெயின்டிங்னு ஒரு மாச வாடகை பிடிப்பாங்க: 18,000. புது வீட்டுக்கு புரோக்கர் கமிஷன்: 18,000. சாமான் ஏத்தி இறக்க ஒரு 12,000. மொத்தம் 48,000 ரூபாய். மாசம் 4,000 எஸ்ஐபி போடுறவருக்கு இது ஒரு வருஷ சேமிப்பு. இதுல டாக்டர் ஃபீஸ் சேர்க்கவே இல்லை.

உடம்பு விஷயமும் சின்னது இல்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுத் தொந்தரவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கைக்குழந்தையோ வயசான அப்பா அம்மாவோ கூட இருந்தா இதைத் தள்ளிப் போடாதீங்க.

பூஞ்சையைத் தேடாதீங்க, தண்ணியைத் தேடுங்க

பூஞ்சை வித்து எல்லா வீட்டுக் காற்றிலயும் இருக்கு. அது முளைக்கத் தேவை ஈரம் மட்டும்தான். நனைஞ்ச பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ள காய வைக்கணும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்றது இதனாலதான். அதனால வீடு பார்க்கப் போகும்போது நாம தேட வேண்டியது தண்ணி எங்கிருந்து வருதுங்கிறதை.

வீடு பார்க்கும்போது 20 நிமிஷம்

1. மூக்கு: உள்ளே போனதும் ஃபேன் போட வேண்டாம், ஜன்னல் திறக்க வேண்டாம்னு சொல்லுங்க. பெட்ரூம் கதவைச் சாத்திட்டு ரெண்டு நிமிஷம் நில்லுங்க. ஈர மண், நனைஞ்ச பழைய பேப்பர் மாதிரி வாடை வந்தா உஷார். ஊதுபத்தி, ரூம் ஃப்ரெஷ்னர் தூக்கலா இருந்தாலும் ஏன்னு யோசிங்க.

2. பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவர்: பாத்ரூம் சுவரோட மறுபக்கம் பெட்ரூம்ல எங்கே வருதுன்னு பாருங்க. அந்தச் சுவரோட அடிப்பகுதியை புறங்கையால தொடுங்க. மத்த சுவரை விட ஜில்லுன்னு இருந்தா உள்ளே கசிவு இருக்கலாம்.

3. இருட்டு மூலைகள்: லாஃப்ட், கப்போர்டு பின்பக்கம், கிச்சன் சிங்க் அடி, ஏசி பைப் நுழையிற ஓட்டை, ஜன்னல் அடிக்கட்டை. போன் டார்ச்சை சுவரை ஒட்டி சாய்வா அடிங்க. பெயின்ட் உப்பியிருக்கிறது நேரா பார்த்தா தெரியாது, இப்படிப் பார்த்தா தெரியும்.

4. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்டா? ஏன்னு நேரடியா கேளுங்க.

5. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள ஃப்ளாட்னா மாடிக்கே போய்ப் பாருங்க. தண்ணி தேங்கின கறை, தரையில விரிசல் இருக்கா? மேல் வீடு இருந்தா, அவங்க பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சீலிங்கைப் பாருங்க.

முடிஞ்சா மழை பெய்ஞ்ச மறுநாள் போங்க. சித்திரை வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான்.

ஏற்கனவே குடியிருக்கீங்களா?

சுவர்ல வெள்ளையா ஏதோ பூத்திருந்தா, கொஞ்சம் தண்ணி தெளிங்க. கரைஞ்சா அது உப்பு, கரையலைன்னா பூஞ்சையா இருக்கலாம். உப்புன்னாலும் நிம்மதி வேண்டாம், சுவருக்குள்ள தண்ணி ஓடுதுன்னுதான் அர்த்தம்.

அடுத்தது அலுமினிய ஃபாயில் டெஸ்ட். ஒரு துண்டை சந்தேகமான சுவர்ல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சுப் பாருங்க. சுவர் பக்கம் ஈரம்னா கசிவு, அது ஓனர் ரிப்பேர் பண்ண வேண்டியது. ரூம் பக்கம் ஈரம்னா காத்தோட்டம் போதலை. ஜன்னலைத் திறங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க, ரூமுக்குள்ள துணி காயப் போடாதீங்க, பீரோவை சுவர்ல இருந்து கொஞ்சம் தள்ளி வைங்க.

கண்ணுக்குத் தெரியுற பூஞ்சைக்கு லேப் டெஸ்ட்னு பணம் கட்ட வேண்டாம். எந்த வகையா இருந்தாலும் வேலை ஒண்ணுதான்: கசிவை அடைக்கணும், சுத்தம் பண்ணணும், காய வைக்கணும். கசிவை விட்டுட்டு மேல பெயின்ட் அடிச்சா அடுத்த மழையில உரிஞ்சு விழும்.

எழுத்துல வாங்குங்க

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற வார்த்தையைக் கவனிங்க. ஆறு மாச அட்வான்ஸுக்கு கையெழுத்துப் போட்டுட்டா, அதுதான் அந்த வேறு ஒப்பந்தம். பேசுறதுன்னா அதுக்கு முன்னாடியே பேசுங்க.

கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேரையும், தேவைப்படும்போது குழாய் மாற்றுவதையும் அதே சட்டம் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. ஆனாலும் அக்ரிமென்ட்ல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க: "சுவர், கூரை, குழாய்க் கசிவை உரிமையாளர் சரிசெய்வார், அதனால் வரும் கறைக்கு அட்வான்ஸில் பிடித்தம் கிடையாது."

குடி போற அன்னைக்கே, சாமான் இறக்குறதுக்கு முன்னாடி, எல்லா சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. "சார், இன்னைக்கு வீடு இப்படி இருக்கு"ன்னு ஒரு வரி போதும். காலி பண்ணும்போது "இது நீங்க வந்த அப்புறம் வந்த கறை"ங்கிற பேச்சுக்கு அந்த தேதியே பதில்.

சொந்த ஃப்ளாட் வாங்கினவங்களுக்கு ஒரு விஷயம்: ரெரா சட்டப்படி, சாவி வாங்கிய 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையை எழுத்துல சொன்னா, பில்டர் 30 நாளுக்குள்ள இலவசமா சரிசெய்யணும். சுவர்ல ஓதம் தெரிஞ்சா காத்திருக்காம மெயில் போடுங்க.

இந்த வாரம் வீடு தேடிட்டு இருக்கிற நண்பருக்கு இதை அனுப்புங்க. டோக்கன் அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி அனுப்பணும், அதுதான் முக்கியம்!