பலாக்கொட்டையை வீசாதீங்க

கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களில் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை. சிங்களவர் இதைச் 'சோற்று மரம்' என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பலா நடச் சொல்லி உழைத்த ஆதர் வி. டயஸுக்கு 'கொஸ் மாமா' என்றே பேர் வந்தது. 2022இல் மா விலை ஏறியபோது பல வீடுகளில் பசியாற்றியது இந்த மரம்தான்.

ஆனால் நாம் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை வீசுகிறோம். அதில் மாச்சத்தும் ஓரளவு புரதமும் இருக்கு. கழுவி, நிழலில் ஈரம் போகக் காயவைத்து, காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள். மழை நாளில் கைகொடுக்கும். பச்சையாகத் தின்னக் கூடாது.

கறிக்கு வெள்ளைத் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, உப்பு மஞ்சளோடு அவியுங்கள். விரலால் நசுக்கினால் மசியணும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கொட்டையைக் கொட்டி, வறுத்த தூளும் தேங்காய்ப்பாலும் விட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள். கருவாடு கிடந்தால் சேர்க்கலாம். எங்களுக்கென்னவோ முருங்கைக்கீரை போட்டதுதான் ருசி.

ரொட்டியும் சம்பலுமாகவே மலைக்குப் போகும் பெண்களுக்கு இரத்தச்சோகை எளிதில் வரும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரம் போகட்டும்.

பலாவிலும் கொட்டையிலும் பொட்டாசியம் அதிகம். வீட்டில் சிறுநீரக வருத்தக்காரர் இருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.