இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டாவது மலைப்பாதை குப்பனூரில் தொடங்குகிறது. இந்த அடிவாரத்தில் புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் மின் இணைப்பும் தண்ணீரும் வந்ததும் அடுத்துத் தேடுவது இணையத்தைத்தான். கீழே வீட்டுக்காரர், மாடியில் குடித்தனம். அல்லது ஒரே மனையில் அண்ணன் வீடு, தம்பி வீடு. ஆளுக்கொரு இணைப்பு எதற்கு என்று ஒன்றை வாங்கிப் பாதிப் பாதியாகப் பணம் போட்டுக்கொள்கிறார்கள். செலவு மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் நிறுவனத்திடம் கேட்கும் உரிமை. தவறு நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். வீட்டில் கம்பி இழுக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உங்களுக்கு உள்ள உரிமைகள்

இணையம் இன்று ஆடம்பரம் அல்ல. இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில் தீர்ப்பளித்தது. பிராட்பேண்டு என்ற பெயரில் விற்கும் இணைப்பு குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் பதிவிறக்க வேகம் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வரையறுத்தது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் கொண்டுவந்த தர விதிகள் இன்னும் நேரடியாக உதவுபவை. பணம் கட்டிய 7 வேலை நாட்களுக்குள் 98 சதவீத இணைப்புகளைக் கொடுத்துவிட வேண்டும். பழுது 3 நாட்களுக்குள் சரியாகவில்லை என்றால் வாடகையில் கழிவு கொடுக்க வேண்டும். மலையடிவாரத்துக்கு இந்த இரண்டாவது விதி மிக முக்கியம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதைகளில் மண் சரிந்ததை இந்தப் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். மரக்கிளை முறிந்தாலும், சாலையோரம் பள்ளம் தோண்டினாலும், கம்பத்தில் தொங்கும் ஃபைபர் அறுந்துபோகும்.

இந்த உரிமைகளைக் கேட்க உங்கள் பெயரில் ரசீது வேண்டும். "பில்லெல்லாம் எதுக்குங்க, மாசாமாசம் நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று கேபிள்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் உங்களுடையதாக இருக்கட்டும். நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர் எண்ணைக் குறித்து வையுங்கள். மோடத்துக்கு முன்பணம் கொடுத்தால் அது திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பகிர்வதில் உள்ள ஆபத்துகள்

வீட்டில் பத்து கைபேசிகள் ஒரே ரூட்டரில் இணைந்திருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே இணைய (ஐபி) முகவரிதான். யார் எந்தக் கைபேசியில் என்ன செய்தார்கள் என்பது வெளியில் தெரியாது. காவல்துறை அந்த முகவரியை நிறுவனத்திடம் கொடுத்தால், நிறுவனம் எடுத்துக் கொடுப்பது பில்லில் உள்ள பெயர்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் தடம் நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் முடிந்தது. அவருடைய வைஃபையை யாரோ வெளியாள் பயன்படுத்தியிருந்தார். ஆனாலும் கணினிகளை ஒப்படைத்து, விசாரணைகளுக்கு உட்பட்ட பிறகே அவர் மீண்டார். பாதுகாப்பில்லாத வைஃபை பற்றித் தொலைத்தொடர்புத் துறை 2009-இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. ரூட்டரில் இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு: வைஃபைக்கு ஒன்று, ரூட்டர் அமைப்புகளுக்குள் நுழைய ஒன்று. பெட்டியின் அடியில் அச்சிட்டு வரும் இரண்டையும் முதல் நாளே மாற்றுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள். விருந்தாளிகளுக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியே வையுங்கள். அது உங்கள் கணினியையும் கேமராவையும் அவர்களிடமிருந்து பிரித்து வைக்கும். ஆனால் வெளியே தெரியும் முகவரி அதே முகவரிதான் என்பதை மறவாதீர்கள்.

ஒரே குடும்பத்துக்குள் பகிர்வதில் சிக்கல் இல்லை. பக்கத்து நான்கு வீடுகளுக்குக் கொடுத்து மாதாமாதம் பணம் வசூலிப்பது வேறு விஷயம். அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை வழங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம். முறையாகப் பகிர்ந்து சம்பாதிக்க விரும்பும் மளிகைக் கடைக்கோ டீக்கடைக்கோ நேர்வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வானி திட்டத்தில் கடைக்காரர் பொது வைஃபை வழங்க உரிமமோ கட்டணமோ தேவையில்லை. பயன்படுத்துபவரின் அடையாளமும் அதில் முறையாகப் பதிவாகும்.

அடுத்த ஆபத்து மின்னல். ஃபைபர் கண்ணாடி இழை. அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கும் இரும்புக் கம்பி கடத்தும். அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். மாடிக்கு மாடி, வீட்டுக்கு வீடு லேன் கேபிளை வெட்டவெளியில் வீசி இழுப்பது இதைவிட மோசம். அது செம்பு. இடி விழும் மாலையில் இரண்டு வீட்டுக் கருவிகளும் ஒன்றாகக் கருகலாம்.

கேபிள் வெளியே தொங்காமலிருக்க, பூச்சு வேலைக்கு முன்பே அதற்கென ஒரு தனி பைப்பை, மின்கம்பி பைப்பிலிருந்து விலக்கி, சுவருக்குள் பதித்துவிடுங்கள். ரூட்டர் வீட்டின் நடுவே வரட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்தாலும் அடுத்த அறைக்கு எட்டும். மின்வெட்டுக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று போதும்.

கோளாறு வந்தால் என்ன செய்வது?

வேகம் குறைந்தால் முதலில் லேன் கேபிளில் கணினியை நேரே இணைத்துச் சோதியுங்கள். அங்கேயும் குறைவாக இருந்தால் பழுது நிறுவனத்தினுடையது. கேபிள்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பியதோடு நிறுத்தாமல் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். மூன்று நாள் கணக்கைக் காட்டிக் கழிவு கேட்க அந்த எண்தான் ஆதாரம்.

தீர்வு திருப்தி இல்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அங்கே எழுதிக் காத்திருந்து நாட்களை இழக்காதீர்கள்.

அதற்கு மேலும் வழி உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாடியில் குடியிருப்பவருக்கும் இங்கே இடமுண்டு: பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துபவரையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. அந்தச் சம்மதத்தை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவும், பங்குத்தொகையை வங்கி வழியாகவும் வைத்துக்கொண்டால் நிரூபிப்பது எளிது. இணைப்பை யாரோ தவறாகப் பயன்படுத்திப் பணமோசடி நடந்திருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

உறவுக்குள் பகிருங்கள், வாடகைக்கு வருபவரைத் தன் பெயரில் தனி இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். கூடுதலாகும் சில நூறு ரூபாய், இரு தரப்புக்கும் தனித்தனியே உரிமையையும் பொறுப்பையும் வாங்கிக் கொடுக்கிறது. ஏற்கெனவே பகிர்ந்துகொண்டிருந்தால் இன்றே பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது உங்கள் பெயர் என்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வேறொருவர் பெயர் என்றால் உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள்.